பதினேழு மாரியம்மாவும் ஓர் அட்டைக்காரரும்

சித்திரபுரத்துக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியை டாக்டர் இல்லாமல் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறோம். அட்டைக்காரர் இல்லாமல் மூன்று மணி நேரம் ஓட்டியதில்லை. நோயாளிகளின் அட்டைகளைக் கட்டிக் காத்தவர் அவர். கம்பவுண்டராக இருந்த எனக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

அட்டைகள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு. எண்ணியவன் நான்தான். அகரவரிசை அவருக்கு ஆகாது. எஸ்டேட்டில் மாரியம்மாக்கள் மட்டும் பதினேழு பேர்.

"பேரை வச்சு ஆளைப் பிடிக்க முடியுமா வே?"

அதனால் ஆடு வளர்க்கிற மாரியம்மா, வாயாடி மாரியம்மா என்று பெட்டி பெட்டியாக அடுக்கினார். ஒருமுறை ஆடு ஓடிப்போய் இரண்டு நாளில் திரும்பியது. அட்டையும் இடம் மாறித் திரும்பியது.

எழுபதுகளின் நடுவில் ஒரு சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பதிவேட்டுப் படிப்பு தொடங்கினார்கள். ஆறு மாதச் சான்றிதழ், ஒரு வருட டிப்ளமோ, மூன்று வருடப் பட்டம். நாற்பத்தொரு வயதில் விண்ணப்பித்த அட்டைக்காரர் மூன்றுக்கும் டிக் போட்டார்.

"ஒண்ணுக்குத்தான் போடணும், அண்ணாச்சி."

"ஓட்டலுக்குப் போனா இட்லி மட்டுமா திம்பீரு?"

ஆறு மாதப் படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் மலையாள டாக்டர்தான் விடவில்லை.

"நீ போயால் அட்டை ஆரு எடுக்கும்? நாளைக்குக் கம்பவுண்டர் ஒரு அட்டை எடுத்துக் காட்டட்டும். இல்லேன்னா லீவு இல்லை."

அன்று இரவு நான் தூங்கவில்லை. அவர் குறட்டை மட்டும் நாலு வீடு தள்ளிக் கேட்டது.

காலையில் டாக்டர் ஆட்டுக்கார மாரியம்மாவை நிறுத்தினார். முப்பத்தெட்டுப் பெட்டி. ஆடு வளர்ப்போர் பெட்டியில் அவள் அட்டை இல்லை. பெட்டிகளை இன்னொரு முறை எண்ணினேன். அட்டைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கேட்டேன்:

"ஆடு எங்கம்மா?"

"அதை நேத்துச் சாயங்காலமே வித்துட்டேனே சாமி!"

ஆடு விற்றோர் பெட்டியைத் திறந்தேன். முதல் அட்டை அவளுடையது. டாக்டர் லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஏறிய பஸ் போனதும் என் அட்டை எங்கே இருக்கும் என்று தேடினேன். கடைசிப் பெட்டியில் தனியாக இருந்தது. அதில் அவர் கையெழுத்து: "பயந்தால் எண்ணுவார். நூறு வரட்டும். அப்புறம் ஊசி."

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவர் திரும்பி வந்தது நூற்று எண்பத்து நான்காம் நாள்.