பூட்டப் போய் மறைந்த ஃபைல்

வாய் திறந்து ஒன்றைக் கேட்பது எனக்கு எப்போதுமே வராது. வழி தெரியாவிட்டால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றுவேனே தவிர, யாரையும் விசாரிக்க மாட்டேன். எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடம் இந்தக் குணத்துக்குப் பலியாகப் பார்த்தது.

திருநெல்வேலியிலிருந்து வேலைக்குப் போனவன் நான். மலையாளம் வராது. (தப்பாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளாவதைவிட ஊமையாக இருப்பது கௌரவம் என்று நினைப்பு.) ஓட்டலில் 'ஊணு', பஸ்ஸில் 'கிழக்கேகோட்டை'. சில நாட்களில் நான் பேசியதே இந்த இரண்டு வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற வேண்டாம், ஒரே வார்த்தை.

நாங்கள் சொந்தமாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தோம். கட்டளைகளை வாங்கும் மேல் அடுக்கு என் பொறுப்பு. டிஸ்க்கைக் கையாளும் கீழ் அடுக்கு, தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டீபன் பொறுப்பு. ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு அடையாள பிட்டுகள், சின்ன சுவிட்சுகள் மாதிரி: ஒன்று 'அழிக்காதே', மற்றது 'பட்டியலில் காட்டாதே'. எது முதல், எது இரண்டாவது? குறிப்பில் இல்லை. எழுந்து நாலு எட்டு வைத்து ஸ்டீபனைக் கேட்டிருக்கலாம். எந்த பாஷையில் கேட்பது? மலையாளிக்கு என் தமிழ் புரியாது, ஆங்கிலத்தில் கேட்டால் பந்தா என்று நினைப்பாரோ என்று பயம். 'அழிக்காதே'தான் முதல் என்று நானே முடிவுகட்டி, ஆறு மாதம் அப்படியே எழுதித் தள்ளினேன்.

டில்லியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். திட்டம் தொடருமா என்பது அவர்கள் கையில். டைரக்டர் தன் உரையையே அந்த மெஷினில் அடித்து வைத்திருந்தார்.

"இந்த ஃபைலை இனி யாராலும் அழிக்க முடியாது" என்று ஆங்கிலத்தில் முழங்கிவிட்டு அதைப் பூட்டினேன், அதாவது முதல் பிட்டைப் போட்டேன். பட்டியலைக் கேட்டேன். உரையைக் காணோம்.

"என்றெ ஃபயல் எவிடே?" என்றார் டைரக்டர்.

பத்திரமாக இருக்கிறது என்று நிரூபிக்க, அழிக்கும் கட்டளையையே அடித்தேன். மெஷின் மறுக்கும் என்று காத்திருந்தேன். அது மறுபேச்சில்லாமல் அழித்துவிட்டது.

டைரக்டர் மலையாளத்தில் திட்டியது பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே தாராளம்.

பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். இப்படியே ரயிலேறிப் போய்விட்டாலும் தேட அங்கே ஆளில்லை என்று தோன்றியது. ஸ்டீபன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் அடுக்குல முதல் பிட்டுதான் மறைக்கது. ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா சாரே?"

தமிழ்!

"நீங்க... மலையாளி இல்லையா?"

"நான் பாறசாலையாக்கும், தமிழ்நாட்டு எல்லை. வீட்டுல தமிழ்தானே. சாருக்கு ஆளுகள்கிட்டப் பேசவே பிடிக்காதுன்னுல்லா நானும் மிண்டாம இருந்தேன்!"

உரை டிஸ்க்கிலிருந்து முழுதாகப் போயிருக்கவில்லை. அதிகாரிகள் டீ குடித்து முடிப்பதற்குள் ஸ்டீபன் அதைத் தோண்டி எடுத்துவிட்டார். திட்டம் பிழைத்தது. நான்தான் திருந்தவில்லை.

போன வருஷம் டில்லி ரயிலில், எதிர் சீட்டில் தலைப்பாகையோடு ஒரு சர்தார்ஜி. ஒரு பகல் முழுக்க அவர் ஒரு ஜன்னலையும் நான் ஒரு ஜன்னலையும் பார்த்தபடி வந்தோம். கூட வந்த, இந்தக் கதையெல்லாம் தெரிந்த மகள் என் காதருகே குனிந்தாள்.

"பேசித்தான் பாருங்களேன்ப்பா. அவரும் பாறசாலையா இருக்கப்போறார்."