ஒரு சாண் காரின் கீறல் வதைப் படலம்

வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா மன்னர்! வாழ்க அவர்தம் வழுக்கைத் திருமுடி! வாழ்க, அம்முடியோடு மினுக்கத்தில் மல்லுக்கு நிற்கவென்றே அவர் தம் பத்து விரலாலும் ஒட்டி, இணைத்து, ஏழு முறை செஞ்சாயம் பூசிய ஒரு சாண் நீளப் பொம்மைக் கார்!

அம்மன்னர்க்குப் பகைவன் ஒருவன் உளன். வேறு யார், இல்லத்தரசியின் உடன்பிறந்த தம்பிதான். போன வருடம் அவர் செய்த நீலக் காரின்மேல் செல்போன் டார்ச்சை அடித்து, “என்ன மாமா, பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சீங்களா?” என்று உறவினர் பன்னிருவர் முன்னிலையில் வினவி, மன்னரின் மானத்தைக் கப்பலேற்றிய மாபாதகன். அவன் இன்று பகல் ஒரு மணிக்குச் சாப்பிட வருகிறான். டார்ச்சோடுதான் வருவான், அவன் குணம் தெரியாதா!

ஆகலின், காலை எட்டு மணிக்கே சாப்பாட்டு மேசையெனும் செருக்களம் புகுந்தார் செம்மல். வலப்புறம் உப்புத்தாட்படை, முரடு முன்னணியிலும் மென்மை பின்னணியிலுமாக அணிவகுத்தது, இடப்புறம் சோப்புநீர்க் கிண்ணம், நடுவே மெருகுப்பசை.

“மயிரினும் மெல்லிய கீறல்காள்! விளக்கைச் சாய்த்தாலன்றி முகங்காட்டா வஞ்சகக் கூட்டமே! இன்று உம் குலத்தைப் பூண்டோடு அறுப்பேன்!” என்று முழங்கினார்.

“முழங்கினது போதும், ஒரு மணிக்குள்ள மேசைய காலி பண்ணுங்க,” என்றது அடுக்களை.

மூண்டது வெஞ்சமர். நீர்தோய்ந்த முரட்டுத்தாள் நீளவாக்கில் பாய, அடுத்த தாள் குறுக்குவாக்கில் பாய, பழங்கீறலைக் கொல்லவெனப் புதுக்கீறல் பிறக்க, அதைக் கொல்லவென அதனினும் நுண்கீறல் பிறக்க, விளிம்பில் ஓர் இழுப்பு கூடினாலும் சாயம் போய் அடியிலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லிளிக்குமே என்றஞ்சி, விளிம்பெல்லாம் கைக்குழந்தையின் காதுமடலைத் தொடுவதுபோல் தொட்டுத் தொட்டு, மூச்சையும் அளந்து விட்டுப் பொருதார் வீரர். தோள் கடுத்தது. இடுப்பு, போதுமடா சாமி என்றது. பசையிட்டு, பஞ்சுத்துணி கொண்டு, பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசிக் கீறலையும் வீழ்த்தினார். அடடா, என்ன பளபளப்பு! கார்க்கதவில் அவர் மீசை தெரிந்தது. மீசையிலுள்ள நரைகூடத் தெரிந்தது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவ்வேளை, வாசலில் அழைப்புமணி அலறிற்று.

திடுக்கிட்டுக் காரைத் தூக்கினார் தீரர். ஐயகோ! இடக்கதவின் நட்டநடுவே அவர்தம் கட்டைவிரல் ரேகை, கைநாட்டு வைத்தாற்போல் பதிந்துவிட்டது. கண்டார், பதைத்தார், இருபத்திரண்டு ஆண்டுகளாக, “சட்டையால துடைக்காதீங்க சார், கீறல் விழும்” என்று கடைக்கு வந்தோர்க்கெல்லாம் உபதேசம் ஓதி ஓதி, அவர்கள் படியிறங்கியதும் தம் கண்ணாடியை மட்டும் அப்படியே துடைத்துத் துடைத்துப் பழகிப்போன அப்பொல்லாக் கரம், அறிவென்னும் அமைச்சனை ஒரு வார்த்தை கேளாமல், வாய் ‘ஹா’வென்று ஊத, சட்டை நுனியைப் பற்றி, அழுத்தி, வட்டம் வட்டமாய்ச் சுழற்றிச் சுழற்றித் துடைத்து, ஐந்து மணி நேரத்தில் மாண்ட கீறல்கள் அத்தனையையும் ஐந்தே நொடியில் உயிர்ப்பித்தெழுப்பிற்று!

கோடு விழுந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அவர் கதவைத் திறக்கப் போனார்.