டீ ஆறிப்போனதையும் எழுதும் மெஷின்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் அவருடைய முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் வலி எதுவும் இல்லாமலேயே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

எழுதிக்கொள்வது என்றேனே, அது வாய்ப்பழக்கம். நான் எழுதவில்லை, பேசுகிறேன். எங்கள் வக்கீல் ஆபீசுக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. நாம் பேசப் பேச அது எழுதுகிறது. நான் டைப் அடித்து அடித்து விரல் தேய்ந்தவள், எனக்கே வாயடைத்துப் போய்விட்டது என்றால் பார்த்துக்கொள். காற்புள்ளிகூட அதுவே வைக்கிறது, அதுவும் நான் வைக்கிற இடத்திலேயே! ஒவ்வொரு தாளையும் வக்கீல் ஐயா மேஜையில் வைக்கும்போது "ஐயா பார்வைக்கு" என்று நான் சொல்வேன் அல்லவா, கம்பெனி ஆள் அதையே அதற்குப் பழக்கிக் கொடுத்துவிட்டார். கடிதம் முடிந்ததும் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் ஐயாவின் போனில் போய் விழும். "எதிர்த்தரப்புக்கு" என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போகும். உனக்கு மட்டும் தாளில் அச்செடுத்துத் தபாலில்தான் அனுப்புகிறேன், பயப்படாதே. குமாஸ்தா அண்ணே, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்களேன், தாளெல்லாம் பறக்குது.

பார், அதையும் எழுதிவிட்டது. இதுதான் அதன் அருமை, இதுதான் வந்த வினையும். எங்கள் ஐயா எப்படிச் சொல்லுவார் என்று உனக்குத்தான் தெரியுமே, உன் வாடகை விஷயமாக அவரிடம் போனில் பேசுகிறவன் நீ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி "அந்த மரமண்டைக்கு எழுதுங்கம்மா" என்பார். நான் "மதிப்பிற்குரிய ஐயா" என்று அடிப்பேன். "கூறு கெட்டவன்" என்பார். "தாங்கள் மீண்டும் பரிசீலிக்க வேண்டுகிறோம்" என்று அடிப்பேன். இத்தனை வருஷமாக இப்படித்தான் எங்கள் ஆபீஸ் மரியாதையாக நடக்கிறது. மெஷின் வந்த அன்று அண்ணன் தம்பி சுவர்த் தகராறு வழக்கில் ஒரு நோட்டீஸ். ஐயா நடந்துகொண்டே சொல்ல, எழுத்து ஓடுகிற அழகை நான் பார்த்துக்கொண்டே நின்றேனே தவிர, என்ன எழுத்து என்று பார்க்கவில்லை. பெருமை பொங்க "எதிர்த்தரப்புக்கு" என்று நானே சொன்னேன். போய்விட்டது. என்ன போச்சு தெரியுமா? "அந்த மரமண்டைக்கு எழுதுங்கம்மா. போன நோட்டீசைப் படிக்காமலே பதில் போட்டிருக்கான். ஒரு சுவருக்கு அண்ணனும் தம்பியும் அடிச்சுக்கறானுங்க, நாங்க ரெண்டு வக்கீலும் விசிறி விட்டுக்கிட்டு இருக்கோம். ஒரு நாள் உக்காந்து பேசினா முடிஞ்சுது. டீ எங்கம்மா? ஐயோ, ஆறிப்போச்சு."

எனக்குக் கைகால் ஓடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நேரிலேயே வந்து நின்றார். கேஸ் போடப் போகிறார் என்று நான் நாற்காலியைத் துடைத்துப் போட, மனுஷன் சிரிக்கிறார். "சார், இத்தனை வருஷத்துல நீங்க எனக்கு எழுதின முதல் உண்மையான லெட்டர் இதுதான். சூடா ஒரு டீ சொல்லுங்க, பேசி முடிச்சுடுவோம்." முடித்தே விட்டார்கள்! நான் மரியாதையாக எழுதி எழுதி வளர்த்த வழக்கு, மெஷின் ஒரே ஒரு தடவை மரியாதை இல்லாமல் எழுதியதும் படுத்துவிட்டது. அதைக் கும்பிடுவதா, குட்டுவதா என்று தெரியாமல் துடைத்து வைத்தேன்.

அன்று ஐயா டீயைக் கலக்கிக்கொண்டே, "இனிமே இதுவே போதும் போலிருக்கேம்மா. மாசக் கடைசியில பேசுவோம்" என்றார். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் அவர் உள்ளே போனதும் மாசக் கடைசிக்கு எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணினேன். தம்பி, உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு இந்த வேலை வேணும்டா. அந்த மனுஷன் கத்துறதெல்லாம் வாய்தான், மனசு பஞ்சு. கோர்ட்டுல அவரைப் போல வாதாட ஆள் கிடையாது. ஆனா நெத்தியில இருக்கிற கண்ணாடியைத் தேடிக் கொடுக்க என்னை விட்டா ஆள் கிடையாது. இப்பக்கூட உள்ளறையில குறட்டை விட்டுத் தூங்கறார், ஃபைல் எல்லாம் அதிருது. நான் வீட்டோட உட்கார்ந்தா உன் அத்தான் பேசறதையெல்லாம் திருத்த ஆரம்பிச்சிடுவேன், அவர் பாவம். போன்ல பேசும்போது ஐயாகிட்ட இதை வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. நான் பயந்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும். மத்தபடி மெஷினும் நானும் இப்போது நகமும் சதையும்தான். என்னை மீறி அதிலிருந்து ஓர் எழுத்து வெளியே போகாது.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஐயா பார்வைக்கு

பின்குறிப்பு: இதைக் கையால் எழுதுகிறேன். மேலே கடைசி வரியைப் பார்த்தாயா? வாய்ப்பழக்கம் என்னைக் கவிழ்த்துவிட்டது. நான் சொல்லி வாயை மூடவில்லை, உள்ளறையில் போன் மணி அடித்தது. குறட்டை நின்றது. முழுக் கடிதத்தையும் படித்திருப்பார் போல. பிறகு ஐயா வந்து வாசலில் நின்றார், கண்ணாடி நெற்றியில். "அந்த மெஷினை அணைச்சுட்டுப் பேனாவை எடுங்கம்மா, ஒரு பதில் சொல்லணும்" என்றார். எடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி சொன்னார்: "ஏம்மா, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மாசக் கடைசியில பேசுவோம்னது அந்த மெஷினை எந்த மூலையில வைக்கறதுன்னு பேசறதுக்கு. நீங்க போயிட்டா என்னை வெளியில மனுஷனா யாரு காட்டுவா? யாரு குறட்டை விடறது? கூறு கெட்டதனமா எதையாவது நினைச்சுக்கிட்டு!" அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திட்டினதை எடுத்துட்டு வழக்கம்போல மரியாதையா எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை.