இன்னிக்கு மண்சரிவு மட்டும்தான்

அப்பாவோட பிரஷர் மாத்திரை வாங்கிட்டு வரணும். அன்னிக்கு எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

ஓ.எல். பரீட்சை எழுதிட்டு வீட்டுல சும்மா கிடக்கிறவளுக்கு வேற என்ன வேலை குடுப்பாங்க?

ஆஸ்பத்திரிக்குள்ள கால் வெச்சதுமே ஒரு நர்ஸ் மிஸ் என் கையைப் புடிச்சுட்டாங்க.

"தங்கச்சி, சும்மாதானே நிக்கிற? இன்னிக்கு அனர்த்த ஒத்திகை. மண்சரிவுல மாட்டினவளா நடி. சோத்துப் பார்சல் உண்டு."

"முட்டையா, கோழியா மிஸ்?"

கோழியாம். உடனே படுத்துட்டேன்!

நெத்தியில பீட்ரூட் தண்ணி. கையில சிவப்பு நாடா. சிவப்புன்னா உடனே பார்க்கணும், மஞ்சள்னா கொஞ்சம் பொறுக்கலாம், பச்சைன்னா ஓரமா உக்காரலாம்.

நான் சும்மா முனகல. "ஐயோ, மலையே இறங்கிருச்சே!"ன்னு கட்டிடம் அதிரக் கத்தினேன். கொழும்புல இருந்து பார்வையிட வந்த பெரிய ஐயா, "ஹொந்தாய், ஹொந்தாய்"னு சிங்களத்துல பாராட்டித் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசல்ல தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறி. இறங்கினது எங்கம்மா!

மலையில கொழுந்தெடுக்கறப்ப குளவி கொட்டிருச்சு. மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, மூச்சு இழுக்குது. அப்பவும் என்னைப் பார்த்துட்டு, "அடியே, உனக்கு என்னடி ஆச்சு?"ன்னு கேக்குறாங்க.

"பீட்ரூட்டும்மா! நீங்க உள்ள போங்க!"

வாசல்ல அதே மிஸ். "அடடா, வீக்கம் அச்சு அசலா இருக்கே! யாரு மேக்கப் போட்டது?"

"மிஸ், இது நெசக் குளவி!"

"போதும் தங்கச்சி, நீ நல்லாத்தான் நடிக்கிற. குளவி எல்லாம் இல்ல, இன்னிக்கு மண்சரிவு மட்டும்தான். அம்மா, உங்க நாடா எங்க? நாடா இல்லாம உள்ள எடுக்க ஏலாது."

பெரிய ஐயா பக்கத்துல நிக்கிறாரே, சட்டம் தப்பலாமா!

அம்மா சுவத்துல சாஞ்சுட்டாங்க. என் நாடாவைப் பல்லால பிச்சு அம்மா கையில கட்டினேன்.

"சிவப்பு! சிவப்பு!"ன்னு நாலு பேர் பாஞ்சு தூக்கிட்டுப் போனாங்க. நாடி புடிச்ச மிஸ்ஸுக்கு முகம் வெளுத்திருச்சு.

"ஐயையோ, இது நெசம்!"

அப்புறம் ஊசி, ஒக்சிஜன், எல்லாம் மின்னல் வேகம். பொய் சொல்லக் கூடாது, வேலை தெரிஞ்சவங்கதான்.

சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு சீராச்சு. முதல் பேச்சே, "அப்பா மாத்திரை வாங்கினியா?"

கவுண்டர் மூடியாச்சு. கோழிச் சோறும் போச்சு. பார்சல் நாடா கட்டினவங்களுக்கு மட்டும்தானாம், அம்மா தலைமாட்டுல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

இப்பெல்லாம் அம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப, கூடைக்குள்ள அந்தச் சிவப்பு நாடாவும் போகுது.