பட்டினி கிடந்த செம்பருத்தி

இலை மறுபடியும் கறுத்துவிட்டது.

ஜெயபாலன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மலேசியாவின் ஈப்போ நகரில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் அவர் தற்காலிக அறிவியல் ஆசிரியர். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஐயாவு வந்து வகுப்பில் உட்காருவார். பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கமுந்திங் ஊர்த் தொழிற்சாலையில் கூலி வேலைதான். மச்சான் அங்கே சொல்லி வைத்திருக்கிறான்.

பாடம் என்னவோ சுண்டைக்காய்ப் பாடம். வெளிச்சத்தில் நிற்கும் இலை தனக்கான மாவுச்சத்தைத் தானே சமைத்துக்கொள்ளும். அதன் பச்சையை ஸ்பிரிட்டில் போக்கி, அயோடின் விட்டால் கறுக்கும். செடியை இரண்டு நாள் இருட்டில் போட்டால், சேர்த்து வைத்ததைத் தின்று தீர்த்துவிடும். அப்புறம் அயோடின் விட்டாலும் கறுக்காது.

ஆனால் இருட்டறையில் வைத்த செம்பருத்தி கறுக்கிறதே!

காலையில் பள்ளியைத் திறந்து சாயங்காலம் பூட்டுகிற செல்லாயி, துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“கறுத்தா என்னா சார் அர்த்தம்?”

“சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம். அது சாப்பிடக்கூடாதுக்கா. பட்டினி கிடக்கணும்.”

“மொட்டு விட்டிருக்கு சார். புள்ளத்தாச்சியப் போயி யாராச்சும் பட்டினி போடுவாங்களா?”

அவர் வெளிச்சம் கசிகிறதோ என்று இருட்டறையின் கதவிடுக்கில் கோணிச்சாக்கைத் திணித்தார். அடுத்த இலை இன்னும் கறுத்தது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார். அதற்கடுத்தது மை கொட்டினாற்போல் கறுத்தது. நம்ப முடியாமல் ஒரு மத்தியானம் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். தன் கையே தனக்குத் தெரியவில்லை.

செடிக்குப் பைத்தியமா, புத்தகத்துக்கா, தனக்கா? இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது பொய்யோ என்று நினைத்தபோது உண்மையிலேயே பயந்துபோனார். வீட்டில் சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டதென்று மனைவி மங்களம் புலம்பினாள். செடி தீர்க்க வேண்டிய சேமிப்பை அவர் உடம்பு தீர்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அயோடின் விழுந்ததும் இலை கறுகறுவென்று ஆனது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஐயாவு கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, இருட்டுல சமைக்கிற செடி உலகத்துலயே கிடையாது. நீங்க இதை இருட்டுல வைக்கவே இல்ல. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ற வாத்தியார் எங்களுக்கு வேணாம்.”

“சத்தியமா வெச்சேன் சார்,” என்றார் ஜெயபாலன்.

தேநீர் கொண்டுவந்த செல்லாயிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தட்டை மேசையில் வைத்தாள்.

“அவரு மேல தப்பில்லைங்கய்யா. அவரு இடுக்க அடைக்க அடைக்க எனக்குத்தான் மனசு கேக்கல. விளக்கு வைக்கிற நேரத்துல வாயில்லாச் சீவன இருட்டுல விட்டுட்டு எப்படிப் போறது? தினம் சாயங்காலம் பெரிய பெரிய பல்பா மாட்டி, ராத்திரி பூரா எரிய விட்டேன்,” என்றவள், கறுத்த இலையை ஆசையாகக் குனிந்து பார்த்தாள். “நல்லா சாப்பிட்டிருக்கு, இல்ல சார்?”