இருபத்துமூன்று டிகிரி

"இருபத்துமூணு" என்றார் ஆவுடைநாயகம், தண்ணீரில் மிதந்த தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு.

ஒன்பது நாளாக அதே இருபத்துமூன்று. கூடவும் மாட்டேன், குறையவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மொட்டைமாடி முழுக்கக் கறுப்புக் குழாய்கள் விரிந்து கிடந்தன. மோட்டார் நீச்சல்குளத்துத் தண்ணீரை மேலே தள்ளும், வெயில் அதைச் சூடாக்கும், சூடான தண்ணீர் திரும்பக் குளத்துக்கே வரும். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வெயில்தான் இல்லை. குற்றாலத்தில், அதுவும் ஜூன் மாதத்தில், சோலார் மாட்டினால் வேறென்ன நடக்கும்? மாட்டி முடித்த அன்று மத்தியானமே சாரல் பிடித்துக்கொண்டது.

ஆவுடைநாயகம் ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர். ரிட்டயரான முதல் மாதம் முழுக்க மனைவி சண்முகவடிவுக்கு அடுக்களையில் ஒத்தாசையாக இருந்தார். "இந்தக் கத்திரிக்காய யாரு வாங்குனது? எத்தன மணிக்கு? கூட யாரு இருந்தா?" என்று ஒவ்வொன்றையும் விசாரித்து ஒழுங்குபடுத்தினார். தான் இல்லாமல் இத்தனை வருஷம் இவள் எப்படித்தான் சமாளித்தாளோ, பாவம் என்று அவருக்கு உள்ளூர வருத்தம்.

அந்தச் சமயத்தில்தான் தென்காசி டாக்டர், வடிவின் முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்றார். உடனே வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு குளம் கட்டிவிட்டார். வடிவு ஒரே ஒரு கால்விரலை நனைத்துவிட்டு, "ஆத்தாடி! ஐஸா இருக்கு. சூடாக்கித் தாங்க, எறங்குதேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

முப்பத்தாறு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதைக்கூடச் செய்துகொடுக்காவிட்டால் நானெல்லாம் என்ன மனுஷன் என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

சோலார் மாட்டிய வேல்சாமி வந்து வானத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, இருக்க சூட்டையாவது காப்பாத்தணும். குமிழ் வச்ச நீல ஷீட்டு ஒண்ணு இருக்கு. அத மேல போட்டு மூடுங்க."

ஷீட்டுக்காகத் தென்காசி முழுக்க அலைந்து சாயங்காலம் வீடு திரும்பினார். வடிவின் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என்னட்டி இது கோலம்?"

"சாரல்ல துணி எடுக்கப் போனேன். நீங்க ஷீட்ட விரிங்க."

விரித்தார். மறுநாள் காலையில் 'டப், டப்' என்று சத்தம் கேட்டு ஓடினால், குளக்கரையில் ஒன்பது குரங்குகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து குமிழ்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தன. லத்தியை எடுத்தார். குரங்குகள் ஷீட்டைப் பங்குபோட்டுக் கிழித்துக்கொண்டு போயின. மிச்சத் துண்டுகள் மோட்டாரில் சிக்கி அதுவும் நின்றது.

மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, அப்படியே பண்பொழி மலைக்கோயிலுக்கு ஏறினார். "முருகா, பத்தே பத்து நாள் சாரல நிறுத்தப்பா" என்று கொஞ்சம் சத்தமாகவே வேண்டிவிட்டார். பக்கத்தில் நின்ற பழக்கடைக்காரர் திரும்பி முறைத்தார்.

"என்ன அண்ணாச்சி, வெளையாடுதியளா? நாங்க சீசன நம்பிக் கட போட்டிருக்கோம். நல்லா மழ பெய்யணும்னு ஊரே கும்பிடுது!"

முருகன் ஊர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். மறுநாள், அருவியில் குளிக்கத் தடை போடுகிற அளவுக்கு மழை கொட்டியது.

ஆவுடைநாயகம் அசரவில்லை. கடையநல்லூரில் கல்யாண பிரியாணி போடும் நூர்நிஷாவிடம் நாலு பெரிய அண்டாக்களை வாடகைக்கு எடுத்துவந்து, விறகு அடுக்கி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குளத்தில் ஊற்றினார். ஊற்றினார், ஊற்றினார், இடுப்பு ஒடிய ஊற்றினார். இருபத்தைந்து வந்தது. கூடவே கிராம்பும் பட்டையும் மணக்க ஆரம்பித்தன. தண்ணீரில் நெய் மிதந்தது. பழைய ஒன்பது குரங்குகளும் இந்த முறை குடும்பத்தோடு வந்தன.

"காப்பி குடிச்சிட்டு வெரட்டுங்க" என்று வடிவு படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"மெதுவா வாட்டி, முட்டி!"

"ஆங்... ஆமா" என்று அவள் உடனே கொஞ்சம் நொண்டினாள்.

அண்டாவைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள், குளத்தைக் கழுவ மூன்று நாள், மோட்டாருக்காக ஒரு வாரம் என்று அவர் நாய்படாத பாடு பட்டார். ஆனாலும் முகத்தில் ஒரு களை. ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது. மத்தியானம் வடிவு பாட்டை முணுமுணுத்தபடி நிம்மதியாகச் சமைத்தாள். கத்திரிக்காயைப் பற்றி யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

கடைசியில் சாரல் ஓய்ந்தது. பளீரென்று வெயில் ஒரு வாரம் அடித்தது. ஏழாம் நாள் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்த ஆவுடைநாயகம் கத்தினார்.

"முப்பத்தொண்ணு! வடிவு, ஏட்டி வடிவு, முப்பத்தொண்ணு!"

வடிவு வந்து எட்டிப் பார்த்தாள். முகம் லேசாக வாடினமாதிரி இருந்தது.

"அதுக்குள்ளயா சூடாயிட்டு?"

"பயப்படாத. நான் இங்கனதான் இருக்கேன்" என்று ஒரு லாரி டயர் ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் தயாராக நின்றார். சொன்னதைச் செய்துவிட்டோம் என்று அவருக்குப் பெருமை.

வடிவு அவரையும் ட்யூபையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, சுவரை ஒரு உதை உதைத்து, மீன் மாதிரி அந்தக் கரைக்கு நீந்திப் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள்.

ஆவுடைநாயகத்தின் கையிலிருந்து ட்யூப் நழுவியது.

பின்வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி குருவம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அண்ணாச்சி அப்பிடிப் பாக்கிய? நீங்க ஷீட்டு, மோட்டாருன்னு வெளிய எறங்குன ஒடனே, அந்த ஐஸ் தண்ணியிலயே மதினி தெனமும் இருவது தடவ போயிட்டுப் போயிட்டு வருவாகளே! 'சூடு வேணும்னு கேக்கலன்னா இந்த மனுசன் அடுக்களைய விட்டு நகரமாட்டாரு குருவம்மா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக!"