பாஸ்ராவுக்குப் போன கொள்ளுத்தாத்தா

பெருநகர்,
உத்திரமேரூர் வழி,
12.10.2025

அன்புள்ள மோகன்குமாருக்கு,

பெரியம்மா ராணியம்மாள் எழுதிக்கொள்வது. நீயும் சசிரேகாவும் குழந்தை நிஷாவும் அந்தக் குளிர் தேசத்தில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நலம். முழங்கால் நலமில்லை, நீ கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

நிஷாவின் வகுப்பில் ஒரு பையன், "உங்க ஆட்கள் இந்த நாட்டுக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டானாம். அவளும் விடாமல், உன் கொள்ளுத்தாத்தா தாண்டவராயன் முதல் உலகப் போரில் வெள்ளைக்காரர் படையில் சேர்ந்து, அரபு தேசத்துப் பாஸ்ராவில் துருக்கிக்காரர்களோடு சண்டை போட்டார் என்று சொல்லிவிட்டாளாம். நவம்பரில் போர் நினைவு நாளன்று பள்ளிக்கூடத்தில் வீரர்கள் பெயரைப் படிக்கும்போது அவள் அந்தப் பெயரைப் படிக்கலாம், ஆனால் ஆதாரம் வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். சரியான டீச்சர். எங்கள் கான்வென்டிலும் அப்படித்தான். குழந்தை பொய்க்காரி ஆகக் கூடாதே என்று, பூஜை அறையில் இருந்த மெடலைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு, உத்திரமேரூரில் இருக்கும் ரிட்டயர்டு ஹவில்தார் ராஜாராமிடம் பஸ் ஏறிப் போனேன்.

மெடலின் விளிம்பிலேயே பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும் என்றார் அவர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து, "அம்மா, இதுல ராஜா தலை இருக்கணும். வெறும் வழுக்கதான் கீது. இன்னா போட்டுத் தேய்ச்சீங்க?" என்றார். புளி என்றேன். நாற்பத்தெட்டு வருஷமாக ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் நாள் நானே என் கையால், புளியும் சாம்பலும் போட்டு, விளிம்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் பொட்டு வைப்பேன். அழுக்கு மெடலைச் சாமி முன்னால் வைக்க எனக்கு மனசு வராது. "துருக்கிக்காரன் செய்ய முடியாதத நீங்க செஞ்சிட்டீங்கம்மா" என்றார் அந்த மனிதர். விளிம்பில் மிஞ்சியது 417 என்ற எண்ணும், 'தாண்ட' வரைக்கும் பெயரும்தான். முன்னால் பின்னால் இருந்ததெல்லாம் புளியோடு போயிற்று.

அத்தோடு விட்டாரா? "சிப்பாய்க்கு வெள்ளியில குடுத்தாங்க. இது வெண்கலம். படை கூடப் போன சமையல்காரர், மூட்டை தூக்குறவங்களுக்குத் தந்தது" என்று ஒரு குண்டு போட்டார். உன் பெரியப்பாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாள் முதல், துப்பாக்கி பிடித்த வம்சம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். சோறு தின்னாமல் எந்தப் படை சுட்டது? சமைத்தவரும் வீரர்தான்.

இதைத் தெரியாத்தனமாக நம் களத்தில் வேர்க்கடலை பறித்துக்கொண்டிருந்த பச்சையம்மாளிடம் சொன்னேன். ஊர் ஓரத்துக் குடியிருப்புக்காரி, என் வயதுதான் இருக்கும். கடலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "இன்னாம்மா நீ, போனது எங்க தாத்தா கன்னியப்பன்மா. பட்டாளத்துக்கு ஊருக்கு ரெண்டு ஆள் வோணும்னு தாசில்தார் கேட்டாராம். உங்க பெரியவரு தன் பேரக் குடுத்துட்டு, அந்தப் பேருல எங்க தாத்தாவ வண்டி ஏத்திட்டு, வூட்லயே குந்திக்கினு இருந்தாராம். மெடலும் அந்தப் பேருக்கே உங்க வூட்டுக்கு வந்துச்சாம். எங்க ஆயா, அவரு பொஞ்சாதி, சொல்லிக்கினே இருக்கும்" என்றாள். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன். "எங்களுக்கு ஏதும்மா ஆதாரம்? உங்க வூட்லதான் பீரோ கீது" என்றாள். அவளுக்கு அன்றைக்குக் காபி கொடுக்கவில்லை.

ஆகையால் நீ டீச்சருக்கு இப்படி எழுதிக் கொடு: தாண்டவராயன், எண் 417இல் முடிவது, 1916 முதல் 1919 வரை (இது உன் பெரியப்பா சொன்ன கணக்கு) பாஸ்ரா, படைவீரர். சமையல் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். நிஷா நிமிர்ந்து நின்று படிக்கட்டும். சசிரேகாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள்.

ஆசிகளுடன்,
பெரியம்மா ராணியம்மாள்

பி.கு.: மேலே எழுதிய எதையும் டீச்சரிடம் கொடுக்காதே. பச்சையம்மாளின் வாயை அடைக்கலாம் என்று பீரோவைக் குடைந்தேன். ஏரிக்கரை நிலத்தை நம் குடும்பம் வாங்கிய பத்திரம் கிடைத்தது. 1917 ஜூலையில் தாண்டவராயன் உத்திரமேரூர் சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னால் நேரில் வந்து, அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாஸ்ராவிலிருந்து ஒரு நாள் லீவில் வந்துபோக அப்போது ஏரோப்ளேன் கிடையாது. அதே வருஷம் நவம்பரில் இன்னொரு பத்திரம், 1918இல் இரண்டு. மனிதர் வீட்டை விட்டு நகரவே இல்லை.

மெடலை எடுத்துக்கொண்டு பச்சையம்மாள் வீட்டுக்கு நானே நடந்து போனேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என் கையிலேயே வைத்தாள். "இத்த வச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது? அந்தப் பொண்ணு எங்க தாத்தா பேரப் படிக்குமா?" என்றாள். படிக்கும் என்றேன். பத்திர நகல் நான்கும் இதோடு இருக்கிறது. தாண்டவராயன் போகவில்லை என்பதற்கு ஆதாரம் அது; போனவர் யார் என்பதற்குப் பச்சையம்மாளின் ஆயா சொன்னதுதான் சாட்சி. படிக்க வேண்டிய பெயர் கன்னியப்பன். என்ன உறவு என்று அந்தப் பையன் கேட்டால், எங்களுக்குப் பதிலாகப் போனவர் என்று நிஷா சொல்லட்டும்.

"மைக்குலயா படிப்பாங்க?" என்றும் பச்சையம்மாள் கேட்டாள். மைக்கில்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் மைக் இல்லையென்றால் நீ வாங்கிக் கொடு.